பிரித்த வீடும் பொருத்திய வீடும்



"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். வீட்டைப் பிரித்துப்பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிரிப்பது எளிது என்று எண்ணினார்கள் போலும். அது எளிதன்று என்பதை நான் அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

பழைய வீடு ஒன்றைப் பிரித்து அதன் மரத்தையும் கல்லையும் செங்கல்லையும் வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோவது ஒரு வழக்கம். வீட்டை ஓரிடத்தில் பகுதி பகுதியாகச் செய்து, எண்ணிட்டு, கட்டி அனுப்பி, வேறோரிடத்தில் பொருத்தி எழுப்புவது மற்றொரு வழக்கம். முன்னது பழையது, நம் நாட்டில் எங்கும் உள்ளது. பின்னது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெருவணிகமாக நடைபெற்றது. ஒன்று வீட்டின் முடிவு, மற்றது வீட்டின் தொடக்கம். ஆயினும் இரண்டும் ஒரே சிறு பொருளை நம்பி நிற்கின்றன. அது யாது என்பதை எங்கள் வீட்டிலிருந்தே தொடங்கிச் சொல்லுகிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில், சிறுமலை வலப்புறத்தே நீலமாகத் தெரியும் ஒரு சிற்றூர் எங்களுடையது. என் தந்தையார் புகையிலை வாணிகம் செய்தவர், பெருஞ்செல்வர் அல்லர். அவர் 1954ஆம் ஆண்டில் அங்கே ஒரு வீடு கட்டினார். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர், நாட்டு ஓடு, நடுவே ஒரு சிறு முற்றம். இவ்வளவில் அது ஊரிலுள்ள மற்ற வீடுகளைப் போன்றதுதான். ஆனால் முற்றத்தைச் சுற்றி நின்ற நான்கு தூண்களும், இரண்டு உத்திரங்களும், தலைவாசல் நிலைக்கதவும் மட்டும் அந்த வீட்டுக்குச் சற்றும் பொருந்தாத பெருமையோடு விளங்கின. பர்மாத் தேக்கு! ஒரு சிறுவன் இரு கைகளாலும் கட்டிப் பிடித்தால் விரல்கள் எட்டாத பருமன். பித்தளைக் குமிழ் பதித்த கதவைத் திறப்பதற்கு என் தாயார் தோளைக் கொடுத்துத் தள்ளுவார்.

அந்தத் தூண்களின் அடியில், சுவரை நோக்கிய பக்கத்தில், தரையிலிருந்து அரைச்சாண் உயரத்திலே உளியால் வெட்டிய சில குறிகள் இருந்தன. நான் இரண்டாம் வகுப்பில் படித்த காலத்தில் அவற்றைத் தடவித் தடவிப் பார்ப்பேன். எழுத்துப் போலவும் இருக்கும். ஆனால் படிக்க வராது. பள்ளி ஆசிரியரிடம் சிலேட்டில் வரைந்து காட்டினேன். அவர் சிரித்து, "அடே, இவை தமிழ் எண்கள். ௪ என்பது நான்கு, ௭ என்பது ஏழு, ௯ என்பது ஒன்பது, ௰௧ என்பது பதினொன்று" என்றார். வீட்டுக்கு ஓடிவந்து தந்தையாரைக் கேட்டேன்: "அப்பா, நம் வீட்டிலே நான்கு தூண்கள்தாமே? பதினொன்றாவது தூண் எப்படி வந்தது?"

"அவை காரைக்குடிப் பக்கத்து வீடொன்றில் இருந்த தூண்கள். அங்கே போட்ட எண்" என்றார் அவர்.

"அப்படியானால் மற்றத் தூண்கள் எங்கே?"

"யார் வீட்டிலாவது நின்றுகொண்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

உத்திரங்களிலும் இத்தகைய புதிர்கள் உண்டு. ஒன்றுமே பொருந்தாத சதுரத் துளைகள் அவற்றில் வரிசையாகக் காணப்பட்டன. பழைய வீட்டில் அந்தத் துளைகளில் குறுக்குச் சட்டங்களின் முளைகள் ஏறியிருந்தன. எங்கள் வீட்டில் அவற்றில் சிட்டுக்குருவிகள் குடியிருந்தன.

அந்த மரங்கள் எங்கள் ஊருக்கு வந்த காரணத்தைப் பின்னாளில் வரலாறு படித்தபோதுதான் அறிந்தேன். செட்டிநாட்டு நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மாவில் பெரும் அளவில் வட்டித் தொழிலும் வாணிகமும் நடத்தினர். அங்கே ஈட்டிய செல்வத்தில் பெரும்பகுதி தம் ஊர்களில் வீடாக எழுந்தது. தேக்கு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் தெருவரைக்கும் முற்றத்துக்குப் பின் முற்றமாக நீளும் வீடுகளை நீங்கள் அப்பக்கம் சென்றால் இன்றும் காணலாம். இரண்டாம் உலகப் போரில் 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். உயிர் தப்பி வந்தவர்கள் உடைமையை அங்கேயே விட்டு வந்தனர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் அங்கிருந்த நிலங்களும் திரும்பக் கிடைக்கவில்லை. வருவாய் நின்றது, வீடு நின்றது. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஓடு மாற்றுவதற்கு யார் பணம் கொடுப்பது? மழை ஒழுகிய கட்டிலிருந்து மரத்தைக் கழற்றி விற்றவர்கள் சிலர். முழு வீட்டையும் விலை பேசியவர்கள் சிலர். அவ்வாறு வந்த மரத்தைத்தான் என் தந்தையார் வாங்கினார். மூன்று மாட்டுவண்டிகளில், திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாக, மூன்று இரவுகள் பயணம் செய்து அவை வந்து சேர்ந்தன என்று என் தாயார் சொல்லுவார். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவில் இன்றும் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. கதவு, தூண், கண்ணாடி, பீங்கான், இரும்பு வாளி என்று ஒரு வீட்டில் இருந்தவை யாவும் அங்கே வகை வகையாகப் பிரிந்து கிடக்கும்.

இவ்வழக்கம் செட்டிநாட்டோடு தொடங்கியதன்று. நமக்கு அருகிலுள்ள மதுரைக்குச் செல்வோம். திருமலை நாயக்கர் மகாலை நீங்கள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். 1636ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அவ்வரண்மனையில் இன்று நாம் காண்பது முன்பிருந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் என்பர். மீதியை அழித்தவர் பகைவர் அல்லர். திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கரே. தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிய அவர், அங்கே அரண்மனை எழுப்புவதற்காகப் பாட்டனார் மாளிகையின் பல பகுதிகளைப் பிரித்து எடுத்துச் சென்றார். எஞ்சியதும் சிதைந்து கிடந்தபோது சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை அதனைப் பழுது பார்க்கச் செய்தார். இல்லையேல் சுற்றுலாவுக்கு வேறிடம் தேடியிருப்போம்.

கங்கைகொண்ட சோழபுரத்தின் கதை இதனினும் துயரமானது. 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அணைக்குக் கருங்கல் வேண்டியிருந்தது; இராசேந்திர சோழனின் பெருங்கோயிலைச் சுற்றியிருந்த மதிலோ அருகிலேயே இருந்தது. மதிலைப் பிரித்துக் கல்லைக் கொண்டுபோயினர். ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தனர்; தண்டனைதான் கிடைத்தது. கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது. அந்த வாக்கு காற்றோடு போயிற்று என்று அந்த நூற்றாண்டின் நடுவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அணையால் வயல்கள் விளைந்தன என்பதையும் நான் மறைக்கவில்லை. சோறு பெரிதா, மதில் பெரிதா என்று என்னைக் கேட்டால் சோறு என்றே சொல்வேன். ஆனால் எந்தக் கல் எங்கே இருந்தது என்று எழுதி வைத்திருந்தால் சோறு குறைந்திருக்குமா என்றும் கேட்பேன்.

இனி, வீடு எவ்வாறு பிரிக்கப்படுகிறது என்பதைப் பார்ப்போம். கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் அது நடைபெறும். முதலில் ஓடு இறங்கும். நாட்டு ஓடாயின் பாதி உடையும். மங்களூர் ஓடு என்னும் சீமை ஓடாயின் பெரும்பாலும் உடையாமல் வரும். பேசல் மிஷன் என்னும் ஜெர்மானியப் பாதிரிமார் 1865ஆம் ஆண்டில் மங்களூரில் தொழிற்சாலை வைத்து அந்த ஓட்டைச் செய்யத் தொடங்கினர். எல்லா ஓடும் ஒரே அளவு. ஒன்றின் வரம்பு மற்றொன்றின் பள்ளத்தில் உட்காரும். ஆகவே ஒரு கூரையிலிருந்து இறங்கிய ஓடு இன்னொரு கூரையில் ஏறுவதற்குத் தயங்குவதில்லை. ஓட்டுக்குப் பின் சட்டங்களும் கைமரங்களும், அவற்றுக்குப் பின் உத்திரங்களும் இறங்கும். தூணை ஆட்டி எடுப்பார்கள். கதவைக் கீலிலிருந்து தூக்கிய பிறகு சுவரை இடித்து நிலையை எடுப்பார்கள். நிலைதான் கட்டும்போது பூசையிட்டு முதலில் நிறுத்தப்படுவது. பிரிக்கும்போது அது மரச்சாமான்களில் கடைசியாக வெளியே வருவது.

சுவரிலே ஒரு நுட்பம் உண்டு. இதை அறிவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். பழைய சுவரில் செங்கல்லைப் பிணைத்தது சுண்ணாம்புக் காரை. காரை செங்கல்லைவிட மென்மையானது. ஆதலால் கடப்பாரையை நுழைத்து நெம்பினால் காரை விட்டுக்கொடுக்கும், செங்கல் முழுசாக வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொத்துக்கரண்டியால் காரையைச் சுரண்டி, ஆயிரம் ஆயிரமாக அடுக்குவார்கள். சிமெண்டுச் சாந்தின் இயல்பு வேறு. அது செங்கல்லைவிடக் கடினமாக இறுகுகிறது. நெம்பினால் செங்கல்தான் உடைகிறது. கான்கிரீட்டுத் தளத்தை உடைத்தால் கையில் கிடைப்பது வளைந்த கம்பி மட்டும், மற்றவை குப்பை. அக்குப்பையை என்ன செய்வது என்பதற்கென்றே 2016ஆம் ஆண்டில் இந்திய அரசு தனி விதிகள் இயற்ற நேர்ந்தது. நம் பாட்டனார் வீட்டுச் சுவர் வேறொரு வீட்டில் மீண்டும் சுவராயிற்று. நம் வீட்டுச் சுவர் அவ்வாறு ஆகாது. இது சிமெண்டின் மீது குறை கூறுவதன்று; அதன் வலிமையே இங்கு இடையூறாகிறது.

இப்போது மற்றொரு வழக்கத்துக்கு வருவோம். வீட்டைப் பொட்டலமாகக் கட்டி அனுப்ப முடியுமா? முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. பம்பாயில் வாட்சன் விடுதி என்ற ஒரு கட்டடம் இருக்கிறது. எஸ்பிளனேடு மாளிகை என்பது அதன் பிற்காலப் பெயர். அதன் வார்ப்பிரும்புச் சட்டகம் முழுவதும் இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலில் பகுதி பகுதியாக வந்தது. 1867 முதல் 1869 வரை அதனைப் பொருத்தி எழுப்பினர். 1896ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் சலனப்படக் காட்சி அங்கேதான் நடந்தது. மைசூர் அரண்மனையைப் பார்த்தவர்கள் அதன் கல்யாண மண்டபத்தை மறந்திருக்க மாட்டார்கள். பழைய மர அரண்மனை 1897இல் தீக்கிரையானபின், ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி 1912க்குள் இன்றைய அரண்மனை எழுந்தது. அம்மண்டபத்தின் வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து மக்ஃபர்லேன் வார்ப்பாலையில் செய்யப்பட்டவை. அந்த வார்ப்பாலையார் தூண், கைப்பிடி, வேலி, மண்டபம் ஆகியவற்றின் படங்களை எண்ணிட்டு அச்சிட்ட பெரிய விலைப்பட்டியல்களை உலகெங்கும் அனுப்பி வந்தனர். எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினால் தூண் கப்பலேறும்.

அரசர்க்கும் விடுதி முதலாளிகளுக்கும் வாய்த்த இவ்வசதியை எளிய குடும்பங்களுக்கும் எட்டச் செய்தவை அமெரிக்க அஞ்சல்வழி வணிக நிறுவனங்கள். மிச்சிகன் மாநிலத்தில் 1906ஆம் ஆண்டில் தொடங்கிய அலாடின் நிறுவனம் இதில் முன்னோடி. தாங்கள் அனுப்பும் பலகையில் மரக்கணு ஒன்று கண்டால் ஒரு டாலர் தருவதாக அவர்கள் விளம்பரம் செய்தனர். மரக்கடையில் நின்று கணுவுக்காக வழக்காடிய என் தந்தையார் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். சிகாகோவின் சியர்ஸ் ரோபக் நிறுவனம் 1908இல் இத்துறையில் இறங்கி 1940 வரையில் 70,000க்கு மேற்பட்ட வீடுகளை விற்றது என்று கணக்கிடுகிறார்கள். தைத்த சட்டையையும் தையல் இயந்திரத்தையும் விற்ற அதே நிறுவனம்தான் வீட்டையும் விற்றது. வாங்குபவர் பட்டியலில் ஒரு வீட்டைத் தேர்ந்து பணம் அனுப்புவார். சில வாரங்களில் சரக்கு இரயில் பெட்டியில் வீடு வந்து நிற்கும். ஏறத்தாழ 30,000 உருப்படிகள். ஆணி மட்டும் சுமார் 750 பவுண்டு எடை. சன்னல், கதவு, கீல், வண்ணப்பூச்சு எல்லாம் உண்டு. செங்கல்லையும் சிமெண்டையும் மட்டும் உள்ளூரில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவற்றைத் தூரம் சுமந்து செல்வது கட்டுபடியாகாது. மரச்சட்டம் ஒவ்வொன்றும் உரிய நீளத்தில் அறுக்கப்பட்டு, எழுத்தும் எண்ணும் குத்தப்பட்டிருக்கும். உடன் வரும் கையேட்டில் அந்த எண் எங்கே பொருந்தும் என்று போட்டிருக்கும். இரயிலிலிருந்து சுமையை இறக்கிக்கொண்டு, உறவினரையும் அயலாரையும் கூட்டி வைத்து, தாமே வீடு எழுப்பிக் குடியேறினோர் பலர். இல்லினாய் மாநிலத்துக் கார்லின்வில் என்னும் ஊரில் ஒரு எண்ணெய் நிறுவனம் தன் சுரங்கத் தொழிலாளர்களுக்காக 150க்கு மேற்பட்ட வீடுகளை மொத்தமாக வரவழைத்தது. ஒரு தெருவே அஞ்சலில் வந்தது எனலாம்.

நிறுவனம் வீட்டை விற்றதோடு நில்லாது, வாங்குவதற்குக் கடனும் கொடுத்தது. 1929க்குப் பின் பொருளாதார வீழ்ச்சி வந்தது. வேலை இழந்தவர்கள் தவணை கட்ட இயலவில்லை. தன்னிடம் பல ஆண்டுகள் சட்டையும் செருப்பும் வாங்கிய குடும்பத்தை, தான் விற்ற வீட்டிலிருந்தே வெளியேற்ற வேண்டிய நிலை அந்நிறுவனத்துக்கு ஏற்பட்டது. வணிகம் மங்கியது. பின்னர் விற்பனைப் பதிவேடுகளும் அழிக்கப்பட்டன. ஆகவே எந்த வீடு சியர்ஸ் வீடு என்று இன்று அறிவது எப்படி? ஆராய்ச்சியாளர் கைவிளக்கோடு நிலவறைக்குள் இறங்கி, உத்திரங்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். அங்கே அந்த எழுத்தும் எண்ணும் இருக்கின்றன! பதிவேடு அழிந்தது, மரத்தில் குத்திய எண் அழியவில்லை. இச்செய்தியை முதன்முதலில் படித்தபோது, எங்கள் வீட்டுத் தூணடியில் குனிந்திருந்த இரண்டாம் வகுப்புச் சிறுவனை நினைத்துக்கொண்டேன்.

நம் தச்சர்களும் எண்ணிடும் வழக்கமுடையவர்களே. தூணின் தலையில் உள்ள முளையை அதற்கு மேலே வரும் போதிகையின் துளைக்குத் தக்கவாறு கையால் செதுக்குவார்கள். ஏழாம் தூணுக்குச் செதுக்கிய போதிகை எட்டாம் தூணில் உட்காராது. தொழிற்சாலையில் எல்லாச் சட்டமும் ஒரே அளவு. ஆகவே ஒன்று போனால் இன்னொன்றை வரவழைக்கலாம். கைவேலையில் அது முடியாது. ஆதலால் எண் அங்கே தேவையாக இருந்ததைவிட இங்கே நூறு மடங்கு தேவை. வீட்டைப் பிரிப்பவன் அந்த எண்ணைக் காத்தால் வீடு மீண்டும் எழும். காக்காவிட்டால் மிஞ்சுவது மரம்.

காத்தவர்களும் உண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற இடம் 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. லாரி பேக்கர் அதன் அமைப்பை வகுத்தார். பென்னி குரியகோஸ் என்னும் கட்டடக் கலைஞர் அப்பணியைத் தொடர்ந்தார். இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, ஒவ்வோர் உறுப்பையும் குறித்துப் பிரித்து, கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு அங்கே இருக்கிறது. கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த 1850ஆம் ஆண்டு மரவீடும் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் சென்று பாருங்கள். தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடிவிடாதீர்கள். மேலே போதிகை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள்.

இனி என் கதையை முடித்துவிடுகிறேன். தாயார் மறைந்தபின் ஊர் வீடு பூட்டியே கிடந்தது. அக்காள், நான், தம்பி என்று பங்காளிகள் மூவர். நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டில் விற்பதென்று முடிவாயிற்று. மனையை ஒருவர் வாங்கினார். அவருக்கு வீடு வேண்டாம். மரத்துக்குத் தனியாக ஒரு வியாபாரியை வரவழைத்தேன். அக்காள் கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசியில், "தம்பி, அந்த நிலையை மட்டுமாவது கொடுத்துவிடாதே" என்றாள். "அடுக்குமாடி வீட்டிலே எட்டடி நிலையை எங்கே அக்கா வைப்பாய்?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அதன்பின் அப்பேச்சை அவள் எடுத்ததும் இல்லை.

வியாபாரி நாடாவைப் பிடித்து அளந்து, நீளம், அகலம், கனம் என்று சொல்லச் சொல்ல அவருடைய ஆள் எழுதினான். மரம் கன அடிக் கணக்கில் விலை பேசப்படும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் உத்திரத்தின் கன அளவு காணும் கணக்கைக் கரும்பலகையில் போட்டவன் நான். எத்தனை பிள்ளைகள் அதில் தவறியதற்காகப் பெஞ்சின்மேல் நின்றிருக்கிறார்கள்! வியாபாரியின் பெருக்கலை நானும் தாளில் போட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் அவர் குறைவாக எழுதியிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தவும் செய்தேன். அன்று எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

மறுநாள் காலை ஆட்கள் வந்தனர். மூன்று நாட்களில் வீடு இறங்கிவிட்டது. எந்த உத்திரம் எந்தச் சுவரிலிருந்து வந்தது, எந்தப் போதிகை எந்தத் தூணுடையது என்று ஒரு சுண்ணக்கட்டியால் குறித்திருக்கலாம். சுண்ணக்கட்டியைப் பிடித்தே வாழ்நாளைக் கழித்தவன் அதைச் செய்யவில்லை. கதவில் தொங்கிய மாங்காய்ப் பூட்டு பழைய இரும்போடு போயிற்று. அது திண்டுக்கல் கைவினைஞர் செய்தது. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அதே வகையைச் சேர்ந்ததுதான். ஒரு பூட்டின் சாவி மற்றொன்றைத் திறக்காது. அதன் சாவி இன்னும் என் சட்டைப்பெட்டியில் கிடக்கிறது.

மூன்றாம் நாள் மாலையில் தூண்களை வரிசையாகக் கிடத்தியிருந்தனர். அடியில் கரையான் அரித்திருந்தது. மேஸ்திரி என்னிடம் வந்து, "ஐயா, அடியிலே ஒரு சாண் அறுத்துவிட்டால் மரம் சுத்தமாகிவிடும், விலை குறையாது" என்றார். சரி என்று சொன்னது நான்தான். வாள் பாதி மரத்துக்கு மேல் சென்ற பிறகே அந்தக் குறிகள் நினைவுக்கு வந்தன. நான்கு தூண்களில் மூன்றின் அடிகள் விறகோடு விறகாகப் போய்விட்டன. ௭ என்று வெட்டிய துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். என் மேசையில் தாள்கள் பறக்காமல் இருப்பதற்கு அதை வைத்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, உறவினர் திருமணம் ஒன்றுக்காக வெளியூர் சென்றபோது மலையடிவாரத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விடுதியில் தங்கினோம். முன்கூடத்தில் நான்கு தேக்குத் தூண்கள் நின்றன. பருமன் அதே பருமன். மேலே போதிகைகள் இருந்தன. ஆனால் ஒன்றும் சரியாக உட்காரவில்லை. இடைவெளியில் மரத்துண்டைச் செருகி மெருகு பூசியிருந்தனர். உயரம் போதாமல் ஒவ்வொன்றின் கீழும் புதிதாகக் கல் வைத்திருந்தனர். நான் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து, சுவரை நோக்கிய பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு தூணாகப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது.

அங்கே பணிபுரிந்த பையன் ஓடிவந்து, "என்ன தாத்தா தேடுகிறீர்கள்?" என்று கேட்டான்.

"எண்ணைத் தேடுகிறேன், தம்பி" என்றேன்.

அறை எண்ணை மறந்துவிட்ட கிழவர் என்று நினைத்துக்கொண்டு, அவன் சாவிப் பலகையைப் பார்க்கப் போனான்.